எட்டாம் பக்கத்தில் இருக்கிறது என்று சொன்னேன்

என் அன்பான அண்ணிக்கு,

உங்கள் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள், அலுவலகத்தில் கிடந்த உங்கள் சாமான்களை எடுத்துவர நான்தான் போனேன். அண்ணனால் முடியவில்லை. பத்து நிமிட வேலை. ஆனால் அங்கே பார்த்ததும் கேட்டதும் இன்றுவரை என்னை ஒழுங்காகச் சாப்பிட விடவில்லை. ஐந்து வருடம் ஒரே வீட்டில், ஒரே குழம்புச் சட்டியில் கரண்டி போட்டவர்கள் நாம். உங்களை எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

முதலில் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அதைத்தான் முதலில் கேட்பீர்கள். அண்ணன் ஷிப்டுக்குப் போகத் தொடங்கிவிட்டார். டிபன் பாக்ஸ் நான் கட்டுகிறேன். உப்பு கூடினாலும் குறைந்தாலும் ஒன்றும் சொல்வதில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் உங்கள் கறிவேப்பிலைச் செடி பிழைத்துக்கொண்டது. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து உங்கள் அம்மா வாரத்துக்கு ஒரு முறை போன் செய்கிறார். என் குரலைக் கேட்டதும் அழுதுவிட்டு வைத்துவிடுகிறார்.

இதை என் கம்பெனியில் வேறு சிலரும் படிக்கப் போகிறார்கள் என்பதால் உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சுரங்க வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு கான்ட்ராக்டரின் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தீர்கள். நாளைக்கு யார் யார் உள்ளே போக வேண்டும் என்ற பெயர்ப் பட்டியலை இன்றைக்கே அனுப்பினால்தான் காலையில் கேட்டில் விடுவார்கள். நெடுநாள் அதை நோட்டில் எழுதினீர்கள். நாலு வருடமாகக் கம்ப்யூட்டரில். அந்தச் சாஃப்ட்வேரைச் செய்தது நான் வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கும் சென்னைக் கம்பெனி. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று தமிழில் கையேடு எழுதியது நான். கையேடு எழுதுவதுதான் என் பிழைப்பே. உங்கள் ஆபீசில் அதை வாங்கச் சொன்னவளும் நானேதான்.

கையேடு அச்சாகி வந்த அன்று முதல் பிரதியை உங்களிடம் கொடுத்தேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கினீர்கள். "எங்க ரீட்டா எழுதுனது" என்று பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வரைக்கும் கொண்டுபோய்க் காட்டினீர்கள். நான் எவ்வளவு பூரித்துப் போனேன் தெரியுமா?

அந்தப் புத்தகத்தை உங்கள் மேஜையில் பார்த்தேன் அண்ணி. மானிட்டருக்குக் கீழே முட்டுக் கொடுத்திருந்தது.

உங்கள் நாற்காலியில் அஞ்சலை உட்கார்ந்திருந்தார். உங்களுக்குத் தெரிந்தவர்தான், சுரங்கத்தில் நிலக்கரி போகிற பெல்ட் ஓரம் பெருக்கும் வேலையில் இருந்தவர். வடலூருக்கு அந்தப் பக்கம் ஊர். அவர் வீட்டில் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் குனிந்து நிமிர்ந்தவர்கள், மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிற முதல் ஆள் அவர்தான். பத்தாவது வரை படித்தவர் என்பதால் நீங்கள் போன பிறகு தற்காலிகமாக உட்கார வைத்திருக்கிறார்கள். உங்கள் ஜெபமாலையையும் மூக்குக் கண்ணாடியையும் ஒரு பையில் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். நான் யார் என்று சொல்லவில்லை, வீட்டிலிருந்து வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

சுவரில் ஏழு தாள் ஒட்டியிருந்தது. பழைய வருகைப் பதிவுத் தாளின் பின்பக்கத்தில், உங்கள் கையெழுத்தில். ஜெராக்ஸ் எடுக்கக் கழற்றிக் கழற்றி ஒட்டியதில் ஓரமெல்லாம் நைந்திருந்தது.

"இது மேரியக்கா எழுதுனதுங்க. இத வச்சிகினுதான் நான் ஓட்டிகினு இருக்கேன். பக்கத்து ஆபீசுங்கள்லயும் இதாங்க ஒட்டியிருக்காங்க" என்றார் அஞ்சலை.

"இதுக்குத்தான் புத்தகம் இருக்கே?" என்று கேட்டேன்.

"அதுவா? யாரோ படிச்சவங்க எழுதுனதுங்க. மேரியக்காவோட நாத்தனாராம். நமக்கு ஏறாது."

நான் திரும்பிக்கொண்டு சுவரைப் படித்தேன். 'கம்ப்யூட்டர் முதலில் கேட்பது உன் பேர் இல்லை. ஆபீஸ் கொடுத்த பேர்.' 'பெட்டி சிவப்பாக ஆனால் பயப்படாதே. ஏதோ ஒன்றை விட்டுவிட்டாய் என்று சொல்கிறது. திட்டவில்லை.' அடுத்த தாளில் பெரிய எழுத்தில், இரண்டு கோடு போட்டு: 'சேவ் அமுக்கினால் கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகாது. பென்சிலில் எழுதி வைத்த மாதிரி. அப்புறமும் மாற்றலாம். சார் வந்து பார்த்து அப்ரூவ் அமுக்கினால்தான் பேனா. அதனால் சார் வருவதற்கு முன்பே சேவ் அமுக்கு.'

இதே இடத்தில் நான் எழுதியிருந்தது எனக்கு மனப்பாடம்: 'பயனர் உரிய புலங்களைப் பூர்த்தி செய்து, பதிவைச் சேமித்த பின் ஒப்புதலுக்கு அனுப்புதல் வேண்டும்.' இலக்கணமாக எழுதிவிட்டதாக ஒரு பெருமை. சேமித்தால் என்ன ஆகும், சேமிக்காவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை இல்லை. அதையெல்லாம் யாராவது கேட்பார்களா என்று நினைத்தேன் போலிருக்கிறது.

"இதுக்கு ஏன் ரெண்டு கோடு?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

"அது பெரிய கதைங்க" என்று அஞ்சலை நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். "கம்ப்யூட்டர் வந்த புதுசு. ஒரு நாளு காலைல முதல் ஷிப்டு, கேட்டாண்ட நாங்க பதினோரு பேரு நின்னுகினு இருந்தோம். பட்டியல்ல பேரே இல்லன்னுட்டாங்க. உள்ள பெல்ட்ட நிறுத்தி வச்சிகினு எங்களுக்காவக் காத்துகினு இருக்காங்க. மேரியக்கா ஓடியாந்து, எல்லா பேரையும் நேத்தே போட்டேனேன்னு கையப் பெசஞ்சிகினு நின்னுச்சிங்க."

நீங்கள் போட்டீர்கள்தான். என்ன நடந்திருக்கும் என்று கேட்ட அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. இங்கே எந்தக் கான்ட்ராக்டர் ஆபீசிலும் கிளார்க் நோட்டில் எழுதுவார், மூட மாட்டார். சார் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வரைக்கும் நோட்டு மேஜையில் திறந்தே கிடக்கும். அதற்கு முன்னால் மூடினால் சாரை மதிக்கவில்லை என்று அர்த்தம். நீங்கள் கம்ப்யூட்டரையும் அப்படித்தான் மரியாதையாக நடத்தியிருக்கிறீர்கள். பதினோரு பெயரையும் போட்டுவிட்டு, சேவ் அமுக்கினால் சாருக்குப் பதில் நாமே முடித்துவைத்த மாதிரி ஆகிவிடும் என்று பயந்து, அவர் வந்து பார்த்துக்கொள்வார் என்று திரையைத் திறந்தபடியே விட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பியிருப்பீர்கள். பதினைந்து நிமிடம் கை படாவிட்டால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதல் பக்கத்துக்குப் போய்விடும் அந்தச் சாஃப்ட்வேர். அதுவும் கையேட்டில் இல்லை. பின்னிணைப்பில் சேர்க்கலாம் என்று நினைத்து மறந்துவிட்டேன்.

"அப்புறம்?"

"மேனேஜரு மெமோ குடுத்து, பதினஞ்சு நாளு வூட்டுல இருன்னு அனுப்பிட்டாருங்க. திரும்பி வந்தப்ப நான் கேட்டேன், என்னக்கா, அந்த புக்குல இதெல்லாம் போடலியான்னு. 'தெளிவாத்தான் போட்டிருக்கும் அஞ்சலை. என் நாத்தனாரு எழுதுனது, தப்பா இருக்காது. எனக்குத்தான் மண்டைல ஏறல'ன்னுச்சிங்க."

அஞ்சலை தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் மானிட்டருக்கு அடியிலிருந்து புத்தகத்தை உருவினேன். மற்ற எல்லாப் பக்கமும் புதுசாக இருந்தது. எட்டாம் பக்கம் மட்டும் நைந்து, விரல் பட்ட இடமெல்லாம் கறுத்து, என் அந்த ஒரு வாக்கியத்துக்குக் கீழே மறுபடி மறுபடி கோடு போட்டுத் தாளே கிழியும் நிலையில் இருந்தது.

அந்தப் பதினைந்து நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. லீவு எடுத்திருக்கிறேன் என்று சொன்னீர்கள். பலாப்பழ சீசன். ஒரு நாள் என்னைக் கூட்டிக்கொண்டு காடாம்புலியூர் போனீர்கள். பெரிய பழம் ஒன்றைப் பேரம் பேசி வாங்கி, பஸ்ஸில் யார் மடியில் வைப்பது என்று இருவரும் சண்டை போட்டோம். பழத்துக்கும் டிக்கெட் எடுக்கச் சொல்வாரோ என்று கண்டக்டர் பக்கம் திரும்பாமல் வந்தோம். வீட்டுக்கு வந்து கையெல்லாம் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுத்தோம். நீங்கள் சிரித்துக்கொண்டுதான் இருந்தீர்கள். நான் இந்த ஊருக்குத் திரும்பி வந்ததிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறு இல்லை என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். மெமோவை வாங்கிக்கொண்டு வந்து என்னோடு பலாப்பழம் உரித்தீர்களா? எப்படி அண்ணி முடிந்தது?

அன்று சாயந்தரம் அண்ணனிடம் கேட்டேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"உனக்குத் தெரிஞ்சா நீ உடைஞ்சு போயிடுவேன்னு சொன்னா. என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. நான் என்ன பண்ணட்டும்?" என்று தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

உங்கள் மேல் கோபம் கோபமாக வந்தது. என்னிடம் கேட்டிருக்கலாமே, பின் அறையில் கூப்பிடு தூரத்தில்தானே இருந்தேன் என்று இரண்டு நாள் மனசுக்குள் உங்களோடு மல்லுக்கு நின்றேன். மூன்றாம் நாள் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது நினைவு வந்தது. நீங்கள் கேட்டீர்கள். சாஃப்ட்வேர் வந்த முதல் வாரம், என் மேஜையில் காபி வைத்துவிட்டு, "ரீட்டா, இந்த சேவ அமுக்கினா என்ன ஆவும்?" என்று கேட்டீர்கள். நான் லேப்டாப்பிலிருந்து தலையை எடுக்காமல், "புக்குல இருக்கு அண்ணி, எட்டாம் பக்கம்" என்றேன்.

சரி என்று போய்விட்டீர்கள். வாய் கொப்பளிக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். அண்ணன் வந்து தட்டிய பிறகுதான் குளியலறைக் கதவைத் திறந்தேன்.

அழுதுகொண்டே இருந்திருப்பேன், ஆனால் அதற்கும் நேரம் கிடைக்கவில்லை. சாஃப்ட்வேருக்குப் புதிய பதிப்பு வருகிறது என்று கம்பெனியில் சொன்னார்கள். திரை முழுக்க மாறுகிறது. அதாவது உங்கள் ஏழு தாளும் அன்றோடு செல்லாது. இதை எச்சரிக்கலாம் என்று உங்கள் மேனேஜரிடம் போனேன். பழைய மெமோவைப் பற்றியும் சொன்னேன், தப்பு என்னுடையது என்று. "போனவங்க பைல்ல எதுக்குங்க இப்ப? விடுங்க" என்றார். விடவில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, பைலில் வைப்பதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன். அஞ்சலையைப் பற்றிக் கேட்டதற்கு, "புதுசு வந்ததும் ஒரு வாரம் பாப்பேங்க. கேட்ல ஒரு ஆள் நின்னாலும் பழையபடி பெருக்குற வேலைக்கே அனுப்பிடுவேன். எனக்கு வேற வழி இல்ல" என்றார்.

உங்களைப் பதினைந்து நாள் வீட்டில் உட்கார வைத்த அதே எழுத்து இப்போது அஞ்சலையின் நாற்காலியைப் பிடுங்கப் போகிறது. கம்பெனிக் கூட்டத்தில் கையேட்டை முழுதாக மாற்ற வேண்டும் என்றேன். "இதுவரைக்கும் எந்தக் கஸ்டமரும் கம்ப்ளெய்ண்ட் பண்ணலையே மேடம்" என்றார்கள். நாலு வருடமாக நானும் அதைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். புகார் சொல்ல வேண்டியவர்கள் எல்லோரும் தங்களையே மக்கு என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்தால் புகார் எங்கிருந்து வரும்?

அஞ்சலையிடம் நான் யார் என்று சொன்னேன். நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். உட்கார வைக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. என் லேப்டாப்பில் புதிய பதிப்பின் மாதிரியைத் திறந்து வைத்து, புதிதாக எழுதிய முதல் பக்கத்தைப் படித்துக் காட்டி, "புரியுதா?" என்றேன்.

"நல்லாப் புரியுதுங்க" என்றார். மவுஸில் வைத்த கை நகரவே இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. புரிகிறதா என்று கேட்டால் இந்த ஊரில் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள், அதுவும் எழுதியவரே எதிரில் இருந்தால். எனவே கேட்பதை நிறுத்தினேன். தாளை அஞ்சலையிடம் கொடுத்துவிட்டு, பின்னால் ஸ்டூல் போட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். கை எங்கே நிற்கிறதோ அங்கே என் பிரதியில் ஒரு புள்ளி வைத்தேன். முதல் பக்கத்தில் மட்டும் ஒன்பது புள்ளி. ஒரே வாக்கியத்தில் மூன்று வேலை சொல்லியிருந்தேன். அமுக்கு என்று சொன்னேன், அமுக்கினால் திரையில் என்ன தெரியும் என்று சொல்லவில்லை. அது தெரியாமல் சரியாகச் செய்தோமா என்று எப்படி அவருக்குத் தெரியும்? ஒவ்வொரு முறை கை நிற்கும்போதும் அஞ்சலை, "நாந்தாங்க மக்கு" என்று சிரித்தார். அதைக் கேட்கக் கேட்க எனக்கு உங்கள் குரலாகவே கேட்டது.

தினமும் போனேன். மாலையில் திருத்துவேன், கடை அடைப்பதற்குள் வடலூர் போய்ப் பிரிண்ட் எடுப்பேன், காலையில் முதல் பஸ்ஸில் ஆபீசுக்குப் போய்விடுவேன். உங்கள் பென்சில், பேனா வரிகளை அப்படியே எடுத்துப் போட்டேன். பென்சில் என்பது தொழில்நுட்பச் சொல் இல்லை என்று கம்பெனியில் அடித்துவிட்டார்கள். நான் மறுபடி சேர்த்தேன். மறுபடி அடித்தார்கள். இதை எடுத்தால் என்னையும் எடுத்துவிடுங்கள் என்று எழுதிவிட்டேன். இவ்வளவு ரோஷம் எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. விட்டுவிட்டார்கள்.

புதிய பதிப்பு வந்த அன்று, மறுநாள் முதல் ஷிப்டுக்கு அனுப்ப வேண்டியவர்கள் இருபத்து மூன்று பேர். அஞ்சலை தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் போட்டார். நான் ஸ்டூலில். மேனேஜர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கடைசிப் பெயரும் போட்டாயிற்று. அடுத்த வரியைப் படித்தார். கை நின்றது.

தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பதினைந்து நிமிடக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, கடித்துக்கொண்டேன். நான் சொல்லிக் கொடுத்தால் நாளை மறுநாள் யார் சொல்வார்கள்? அஞ்சலை இன்னொரு முறை, விரல் வைத்து, எழுத்துக் கூட்டுகிற மாதிரி அந்த வரியைப் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"பச்சைப் பட்டன அமுக்குன்னு போட்டிருக்கீங்க. இங்க பச்சையே இல்லீங்களே."

எழுந்து வந்து பார்த்தேன். இல்லைதான். நாங்கள் பழகிய என் லேப்டாப்பில் அந்தச் சேவ் பட்டன் கண்ணெதிரே தெரியும். உங்கள் ஆபீஸின் பழைய மானிட்டரில் திரையைக் கீழே தள்ளினால்தான் வரும். நான் அதை யோசிக்கவே இல்லை.

"இது எம்மேல தப்பு இல்லீங்க" என்றார் அஞ்சலை. விரலைத் தாளில் அந்த வரி மேல் வைத்தார். "நீங்க எழுதுனதுலதாங்க தப்பு."

சொல்லிவிட்டுப் பயந்துபோய் என்னையே பார்த்தார் அண்ணி. ஆமாம் அஞ்சலை, என் தப்புதான் என்றேன். பேனாவை வாங்கி, 'முதலில் பக்கத்தைக் கீழே தள்ளு, பச்சைப் பட்டன் கடைசியில் இருக்கும்' என்று அவர் தாளிலேயே எழுதினேன். அவர் தள்ளினார். பச்சை வந்தது. அமுக்கினார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு முன்னாலேயே கேட்டுக்குப் போய் நின்றேன். இருபத்து மூன்று பேரும் உள்ளே போனார்கள். யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஷிப்டுக்குப் போகிற அவசரம். அந்த வாரம் முழுக்க ஒருவர்கூட வெளியே நிற்கவில்லை. அஞ்சலை நாற்காலியிலேயே இருக்கிறார்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நான் எழுதுகிற எதையும், அதைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்யப் போகிற ஒருவர் என் முகத்துக்கு நேராக, 'நீ எழுதுனதுலதான் தப்பு' என்று ஒரு தடவையாவது சொல்லாமல் இனி அச்சுக்கு அனுப்ப மாட்டேன். சொல்கிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். முதல் ஆளாக நீங்கள் சொல்லியிருக்க வேண்டியது அண்ணி. சொல்லத்தான் வந்தீர்கள், காபியோடு. நான் தலையை நிமிர்த்தவில்லை.

உங்கள் நாத்தனார்,
ரீட்டா